கொல்லைக்கு வரும் வண்ணப்பறவை

(காட்டாங்குளத்தூர் வட்டாரத்துப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஏரி மராமத்து, சாலை, குடிநீர் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகின்ற கூட்டத்தில் ஒரு குருவியைப் பற்றிப் பேச நான் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் ஆண்டுதோறும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் இவ்வட்டாரத்து மக்கள் ஒரே கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். "கொல்லையில் ஒரு பறவை விழுந்து கிடக்கிறது. பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று எத்தனையோ நிறங்கள் அதன் உடம்பில் இருக்கின்றன. இப்படியொரு பறவையை நம் ஊரில் கண்டதே இல்லை. யார் வீட்டுக் கூண்டிலிருந்தாவது தப்பி வந்ததா? நாம் ஒரு கூண்டு வாங்கி அதில் விடலாமா?" என்பதே அக்கேள்வி.

அது எவர் கூண்டிலிருந்தும் தப்பி வந்ததன்று. நம் நாட்டுப் பறவையே. மாரிக்காலத்தில் நம் ஊரிலேயே தங்குவது. அதன் பெயர் ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் அதைச் சொல்வதுண்டு. கூண்டு வாங்கலாமா என்பதற்கும் இப்பெயரிலேயே விடை இருக்கிறது. அதற்குப் பின்னர் வருகிறேன். பறவையை முதலில் ஐயமின்றி இன்னதென்று அறிந்துகொள்வது எப்படி என்பதைப் பார்ப்போம்.

பறவையைப் பார்த்தவர்கள் முதலில் சொல்வது அதன் நிறத்தை. நான் திருப்பிக் கேட்பதோ நிறத்தையன்று. வால் எவ்வளவு நீளம்? அலகு தடித்ததா, மெலிந்ததா? மைனாவை விடப் பெரிதா, சிறிதா? தரையில் இருந்ததா, கிளையில் இருந்ததா? நடந்து சென்றதா, தத்தித் தத்திச் சென்றதா? எந்த மாதம், என்ன நேரம்? இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே நிறத்தைக் கேட்க வேண்டும். ஏனெனில் நிறம் ஏமாற்றும். பெரும்பாலான பறவைகளின் நீலம் சாயத்தால் உண்டாவதன்று. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுச் சிதறுவதால் தோன்றுவது. வெயிலில் சுடர்விடும் நீலம் நிழலில் மங்கிக் கருத்துவிடும். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையைப் பாருங்கள். மண்ணிறமான சாதாரணப் பறவையாகவே தோன்றும். அதுவே சிறகை விரித்துப் பறந்தால் வானத்தையே கிழித்துப் போட்டாற்போல் நீலம் பளிச்சிடும். ஒரே பறவையை இரு வேளைகளில் கண்டவர் இரண்டு பறவை என்று சத்தியம் செய்வார்.

நம் வட்டாரத்தில் வீட்டருகே காணத்தக்க வண்ணப்பறவைகள் ஒன்றிரண்டல்ல. "நீலப் பறவை ஒன்று வந்தது" என்று சொல்லப்படுவதில் பெரும்பாலும் வெண்மார்பு மீன்கொத்தியே அகப்படும். மீன்கொத்தி என்ற பெயரால் அதனை நாம் நீர்க்கரையிலேயே தேடுகிறோம். உண்மையில் அது நீரில்லாத இடத்திலும் கம்பியிலும் கம்பத்திலும் அமர்ந்து வெட்டுக்கிளியையும் ஓணானையும் பிடிக்கும். நீண்டு தடித்த சிவந்த அலகும், காப்பிக்கொட்டை நிறத் தலையும், வெள்ளை மார்பும் கண்டால் வேறு யோசிக்க வேண்டியதில்லை. மஞ்சள் உடம்பும் கண்ணருகில் கருங்கோடும் உடையது மாங்குயில். அது மர உச்சியை விட்டுத் தரைக்கு வருவது அரிது. ஆல், அரசு மரங்களில் பழம் தின்று, கன்னான் செம்பு தட்டுவது போல் ஓயாமல் ஒலிப்பது செம்மார்புக் குக்குறுவான். பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். ஆறுமணிக் குருவிக்கும் பச்சையும் சிவப்பும் உண்டாகையால், நிறத்தை மட்டும் கேட்டுப் பெயர் சொல்பவர் இவ்விரண்டையும் குழப்பிவிடுவார். ஆனால் ஒன்று மர உச்சியில் வாழ்வது. மற்றொன்று தரையில் சருகுக்கிடையே வாழ்வது. இருக்கும் இடத்தைக் கேட்டாலே குழப்பம் தீர்ந்தது. தரையில் நடக்கும் பச்சைப் பறவை இன்னொன்றும் உண்டு; நம் மாநிலப் பறவையான மரகதப்புறா. அது புறாவின் உருவமும் புறாவின் நடையும் உடையது.

இனி ஆறுமணிக் குருவியின் உருவம். நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். மைனாவை விடச் சிறிது. கட்டுக்குட்டென்ற உடம்பு, நீண்ட வலுவான கால்கள், தடித்த அலகு. வால் மட்டும் யாரோ கத்தரித்துவிட்டது போல் மிகக் குட்டை. இந்த மொட்டை வாலே முதல் அடையாளம். அதனை மெல்ல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். முதுகு பச்சை. தோள்பட்டையில் பளபளக்கும் நீலத் திட்டு. தொண்டை வெள்ளை. மார்பும் வயிறும் வெளிறிய சந்தன நிறம். அடிவயிற்றிலும் வாலின் அடியிலும் குங்குமச் சிவப்பு. கண்ணின் மீது அகன்ற கறுப்புப் பட்டை பின்கழுத்து வரை செல்லும். அதன் மேல் வெண்மையான புருவக்கோடு. உச்சந்தலையின் நடுவிலும் ஒரு கருங்கோடு உண்டு. பறக்கும்போது சிறகில் வெள்ளைப் புள்ளி தெரியும். இந்தியில் இதற்கு 'நவரங்' என்று பெயர். ஒன்பது நிறமும் உண்டா என்று நான் எண்ணிப் பார்த்ததுண்டு. எண்ணுகிறவரின் தாராளத்தைப் பொறுத்து ஏழிலிருந்து ஒன்பது வரை வரும்.

இத்தனை நிறம் இருந்தும் இது கண்ணில் படுவதில்லை என்பதே வேடிக்கை. வேலியடியிலும் புதரடியிலும் உதிர்ந்து கிடக்கும் சருகுகளை அலகால் புரட்டிப் புரட்டி மண்புழு, எறும்பு, கறையான், வண்டு, புழு ஆகியவற்றைப் பொறுக்கித் தின்னும். ஆள் அரவம் கேட்டால் அசையாமல் நின்றுவிடும். அப்பொழுது முதுகுப் பச்சையும் சருகு நிழலும் ஒன்றாகிவிடும். தோட்டக்கள்ளன் என்ற பெயர் இதனால்தான் வந்திருக்க வேண்டும்.

கண்ணுக்கு அகப்படாததைக் காது காட்டிக் கொடுக்கும். விடியற்காலையில் வெளிச்சம் பரவும் நேரத்திலும் மாலையில் விளக்கு வைக்கும் நேரத்திலும் இப்பறவை குரல் கொடுக்கும். தெளிவான இரட்டைச் சீழ்க்கை. முதற்பகுதி ஏறி, இரண்டாம் பகுதி இறங்கும். ஒன்று கூப்பிட்டால் அடுத்த தோட்டத்தில் இருப்பதும் பதில் கூப்பிடும். சிறிது நேரந்தான், பிறகு ஓய்ந்துவிடும். காலை ஆறு மணி, மாலை ஆறு மணி என்ற இந்த ஒழுங்கைக் கண்டே நம் மக்கள் ஆறுமணிக் குருவி என்றார்கள். கடிகாரம் பழகிய பிறகு எழுந்த பெயராகவே இது இருத்தல் வேண்டும். ஆயினும் எத்துணை உபயோகமான பெயர்! 'நவரங்' என்பது உருவத்தை மட்டும் சொல்கிறது. நம் பெயரோ எப்பொழுது காது கொடுக்க வேண்டும் என்பதையே சொல்லிக் கொடுக்கிறது. இலங்கையில் சிங்கள மக்கள் இதன் குரலை வைத்தே 'அவிச்சியா' என்று பெயரிட்டிருக்கிறார்கள்.

இதனைப் பாடும் பறவை என்று சொல்லலாமா என்று கேட்டால், கேட்கிற நமக்கு அது பாட்டுத்தான். விஞ்ஞானிகள் சிறிது கண்டிப்பானவர்கள். மைனா, குண்டுகரிச்சான் முதலியவை தம் இனத்தாரிடம் கேட்டுப் பாட்டைக் கற்கின்றன. ஆறுமணிக் குருவி அக்குடும்பக் கிளையைச் சேர்ந்ததன்று. அதன் சீழ்க்கை கற்றுக்கொண்டதன்று, பிறவியிலேயே அமைந்தது.

நிற்க. இப்பறவையை இன்னதென்று அறிய முயன்ற வரலாறு நம் மண்ணிலேதான் தொடங்குகிறது. அதனைச் சற்று விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். ஜான் ரே என்னும் ஆங்கில அறிஞர் 1705இல் காலமானார். அவர் எழுதி வைத்திருந்த பறவை நூல் 1713இல் அச்சாயிற்று. அதன் பிற்சேர்க்கையாகச் சென்னைப் பறவைகளின் பட்டியல் ஒன்றை ஜேம்ஸ் பெட்டிவர் என்பவர் சேர்த்தார். பெட்டிவர் லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்தவர், இந்தியாவைக் கண்டவரல்லர். சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த எட்வர்டு பக்லி அனுப்பிய படங்களே அவருக்கு ஆதாரம். அப்பட்டியலில் நம் ஆறுமணிக் குருவியும் இருந்தது. 'மதராஸ் ஜே' என்று ஆங்கிலத்திலும், 'பொன்னுங்கி பிட்ட' என்று இந்நாட்டு வழக்கிலும் அதன் பெயரை அச்சிட்டார்கள். 'ஜே' என்பது ஆங்கில நாட்டில் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு வண்ணப்பறவை. நிறத்தைப் பார்த்து உறவு சொன்னதன் விளைவு இது! சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸும் 1766இல் இதனைக் காக்கையினத்தில் சேர்த்து, 'குட்டைவால் காக்கை' என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். 1816இல்தான் வியெயோ என்ற பிரெஞ்சு அறிஞர் இதனைக் காக்கையிலிருந்து பிரித்துத் தனி இனமாக்கினார். அந்த இனத்துக்கு அவர் இட்ட பெயர் 'பிட்டா'. தெலுங்கில் 'பிட்ட' என்றால் சிறு பறவை.

ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய கண்டங்களில் வாழும் நாற்பதுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் இன்று உலகெங்கும் 'பிட்டா' என்றே அழைக்கப்படுகின்றன. சென்னைக் கரையில் யாரோ ஒருவர், தெலுங்கு பேசிய ஒரு குடியானவரோ வேடரோ, கோட்டை மருத்துவரிடம் "இது பொன்னுங்கி பிட்ட ஐயா" என்று சொல்லியிருக்க வேண்டும். பேரறிஞர்கள் காக்கை என்றது நிலைக்கவில்லை. அவர் சொன்ன சொல் நிலைத்தது. ஊர்ப் பெயர்களைக் காக்க வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

பிள்ளைகள் கேட்கும் கேள்விகளையும் நாம் அலட்சியம் செய்யலாகாது. 1908ஆம் ஆண்டு வாக்கில் பம்பாயில் ஒரு சிறுவன் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டைச் சுட்டான். அதன் கழுத்தில் மஞ்சள் தீற்று இருந்தது. இது என்ன சிட்டு என்று அவன் தன் மாமாவைக் கேட்க, அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பி வைத்தார். அங்கிருந்த மில்லார்டு என்னும் துரை பொறுமையோடு பெயரைச் சொல்லி, கழகத்தில் இருந்த பறவைத் தொகுப்பையும் திறந்து காட்டினார். அச்சிறுவனே பின்னாளில் இந்தியப் பறவைகளுக்கெல்லாம் நூல் எழுதிய சலீம் அலி. அக்காலத்தில் சுட்டுக் கையில் எடுத்துப் பார்த்தார்கள். இப்பொழுது கைபேசியில் படம் எடுத்தால் போதும். 'மெர்லின்' போன்ற செயலிகள் படத்தையும் குரலையும் கொண்டு பெயர் சொல்கின்றன. அவை உதவியே, ஆனால் செயலி சொல்லும் பெயர், வால், அலகு, இடம், மாதம் ஆகியவற்றோடு பொருந்துகிறதா என்று நாமும் பார்த்துக்கொள்ளல் வேண்டும்.

இப்பறவை கொல்லையில் விழுந்து கிடப்பதேன்? இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும், மேற்கு மலைத்தொடரில் கர்நாடகம் வரையிலும் இது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. பிறகு குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. குட்டைச் சிறகும் மொட்டை வாலும் உடைய தரைப்பறவை, ஐம்பது அறுபது கிராம் எடையே உள்ளது, பல நூறு கல் தொலைவைப் பறந்து கடக்கிறது. அதுவும் பெரும்பாலும் இரவில். களைத்து இறங்கும் வேளையில் வீட்டு விளக்கைக் கண்டு மயங்கி உள்ளே புகுந்துவிடும். கண்ணாடிச் சன்னலை வெளியென்று எண்ணி மோதி விழும். காட்டாங்குளத்தூர், பொத்தேரி, கூடுவாஞ்சேரி பக்கங்களில் பெருஞ்சாலையை ஒட்டி மாடிக் கட்டடங்களும் கண்ணாடி முகப்புகளும் பெருகியிருக்கும் இந்நாளில் இவ்விபத்து நேர இடம் அதிகம்.

அவ்வாறு விழுந்த பறவை சாகப் போகிறது என்று கைவிடவும் வேண்டாம். பிழைத்துவிட்டது என்று கூண்டில் அடைக்கவும் வேண்டாம். முதல் வேலை, பூனையும் நாயும் காக்கையும் அணுகாமல் காப்பது. மூடியுள்ள அட்டைப்பெட்டியில் காற்றுக்குச் சில துளைகள் இட்டு, அடியில் பழந்துணி விரித்து, பறவையை மெல்ல எடுத்து உள்ளே வைத்து, சந்தடியற்ற இருட்டான இடத்தில் வைத்துவிட வேண்டும். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலில் போய்விடும். சோறும் தானியமும் அதற்கு உணவல்ல. பிள்ளைகள் ஓயாமல் திறந்து திறந்து பார்த்தால் அச்சத்திலேயே உயிர் போய்விடும். கோழிக்குப் பஞ்சாரம் கவிழ்ப்பது போல் கவிழ்த்தால் என்ன என்று சிலர் கேட்பார்கள். இடுக்கு வழியே வெளிச்சம் கண்டு பறவை முட்டி மோதிக்கொள்ளும். பஞ்சாரந்தான் உண்டு என்றால் மேலே கனத்த துணி போட்டு மூடுங்கள். இரவில் விழுந்ததை மறுநாள் விடியற்காலையில், பகலில் விழுந்ததை ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, நிழலுள்ள புதரருகே கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்து வைத்து விலகி நில்லுங்கள். தத்தி இறங்கிப் புதருக்குள் மறைந்துவிடும். சிறகு தொங்கினாலோ இரத்தம் கசிந்தாலோ தாமதியாமல் வனத்துறையினருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கூண்டில் வைப்பது இரக்கமற்ற செயல் என்பதோடு குற்றமும் ஆகும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவையைப் பிடிக்கவோ வளர்க்கவோ விற்கவோ கூடாது. "நாம் விலை கொடுத்து வாங்கவில்லை, தானாக வந்தது" என்ற சமாதானம் சட்டத்தின் முன் நில்லாது. பறவை இன்னதென்று தெரியாமல் "வெளிநாட்டுக் கிளி" என்று எண்ணி நல்ல மனத்தோடே இத்தவற்றைச் செய்பவர்கள் உண்டு. ஆகையால்தான் பெயர் தெரிவது அவசியம் என்கிறேன்.

விழுந்த பறவையைக் காப்பது ஒரு நாள் வேலை. பிழைத்த பறவை சித்திரை வாக்கில் வடக்கே புறப்படும் வரை எங்கே தங்கும், எதைத் தின்னும் என்பதே பெரிய கேள்வி. அதற்கு வேண்டியது நிழலும் சருகும். களா, காரை, நொச்சி, கிளுவை, கொடுக்காப்புளி முதலியவை அடர்ந்த உயிர்வேலியும், ஏரிக்கரைப் புதரும், கோயில் தோப்பும் அதன் வீடு. வண்டலூர்க் காப்புக் காடு நமக்கு அருகிலேயே இருக்கிறது. அதன் வெளியே எஞ்சியிருப்பது நம் புறம்போக்கிலும் வரப்போரத்திலும் உள்ள துண்டு துண்டான புதர்களே. உயிர்வேலியை வெட்டிக் கம்பிவேலி போட்டு, தோப்பைப் பெருக்கிச் சருகுக்குத் தீ வைத்தால் பறவைக்கு உணவும் போயிற்று, நிலத்துக்கு எருவும் போயிற்று. சருகைக் குழியிலிட்டு மட்கச் செய்யலாம். வேலியடியில் உள்ளதை அப்படியே விட்டுவிடலாம்.

"புதர் இருந்தால் பாம்பு சேருமே" என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நியாயமான பேச்சே. வீட்டுச் சுவரை ஒட்டிப் புதர் வேண்டாம். பிள்ளைகள் நடமாடும் வழியில் வேண்டாம். வயலின் எல்லையிலும் ஏரிக்கரையின் வெளிச்சரிவு தாண்டிய இடத்திலும் இருக்கட்டும். இப்பறவை உங்கள் பயிரை யெல்லாம் பூச்சியிடமிருந்து காத்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஒரு குருவி தின்னும் புழு எத்தனை? ஆனால் அக்குருவி தங்கும் வேலியில் கரிச்சானும் தவிட்டுக்குருவியும் செம்போத்தும் தங்கும்; அவ்வளவும் சேர்ந்து தின்பது கொஞ்சமன்று.

பறவையைக் காப்பது ஊரால் ஆகாத காரியம் என்று சொல்பவர்களுக்கு நம் செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலே விடை. அவ்வூரார் தம் ஏரியில் கூடு கட்டும் பறவைகளை எவரும் சுடாதபடி காக்க விரும்பி, கலெக்டர் லயனல் பிளேசிடம் 1798 வாக்கிலேயே கவுல் பெற்றார்கள். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பறவைகளையும் இனம் கண்டிருந்தார்கள். சர்க்கார் சொல்லி ஊர் செய்ததன்று. ஊர் கேட்டுச் சர்க்கார் இசைந்தது.

இன்று அதற்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்மச் சட்டத்தின்படி ஒவ்வொரு பஞ்சாயத்திலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைய வேண்டும். அக்குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை எழுதி வைக்க வேண்டும். பதிவேட்டில் இடம்பெறாத உயிருக்காகவும் இடத்துக்காகவும் பின்னர் வாதாடுவது கடினம். எங்கோ அச்சிட்ட பட்டியலைப் பார்த்து எழுதினால் அது நம் ஊர்ப் பதிவேடு ஆகாது. ஆடு மேய்ப்பவரையும், களை பறிக்கும் பெண்களையும், தோப்புக் காவற்காரரையும் உட்கார வைத்துக் கேட்டு எழுதுங்கள். ஒரே பறவைக்கு அவர்கள் மூன்று பெயர் சொன்னால் மூன்றையும் எழுதுங்கள்.

அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடும் காலத்தில்தான் ஆறுமணிக் குருவியும் நம் பக்கம் வந்து இறங்குகிறது. ஆகவே இப்பறவையிலிருந்தே பதிவேட்டின் பறவைப் பகுதியைத் தொடங்கலாம். முதற்குரல் கேட்ட தேதி, நேரம். கேட்ட இடம் எந்தத் தோப்பு, எந்த வேலி, சர்வே எண் என்ன. கண்டவர் சொன்ன பெயர். விழுந்து கிடந்ததானால் எங்கே, எதில் மோதி, பிறகு என்னவாயிற்று. படம் இருந்தால் படம். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் பறவை ஆர்வலர்கள் பறவைக் கணக்கு எடுத்து வருகிறார்கள். அந்நாட்களில் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு விடியலில் அதே தோப்புக்குப் போய், குரல் இன்னும் கேட்கிறதா என்று பார்த்து இரண்டாவது வரியை எழுதலாம். சித்திரையில் குரல் ஓய்ந்த தேதி மூன்றாவது வரி.